ஒன்றாகக் கட்டிய காப்பு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கிராம சுகாதார செவிலியருக்கு அது ஆகாத குணம் என்று மேலதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். நாவல்மரத்தூருக்கு வந்து பார்த்தால் அவர்களுக்கும் வரும்.

அரூரிலிருந்து தீர்த்தமலை போகும் வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஊர். மஞ்சளும் மரவள்ளியும் விளையும் மண். பொழுது சாய்ந்தால் ஆண்களில் பாதிப் பேர் நிதானத்தில் இருக்க மாட்டார்கள். நான் செய்யாத கூத்தில்லை. கெட்டுப்போன ஈரலின் படத்தைப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டினேன். அதன் மேலேயே எவனோ காதுகுத்து போஸ்டர் ஒட்டினான். பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஊர்வலம் நடத்தினேன். போதையில் இருந்த இரண்டு பேர் அதற்கு முன்னால் ஆடிக்கொண்டே வந்தார்கள். கூட்டம் போட்டால் முதல் வரிசையில் முருகேஷ் உட்கார்ந்துகொண்டு, "சிஸ்டர் சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட்டு" என்று கை தட்டுவான். அவன் வாயைத் திறந்தால் வருகிற வாடையில் எனக்குத் தலை சுற்றும்.

முருகேஷின் கூட்டாளி மாதையன். மரவள்ளி லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். பல் விளக்குவதற்கு முன்பே குடிக்க ஆரம்பிக்கிற அளவுக்கு முற்றிப்போயிருந்தான். அவன் மனைவி தீர்த்தம்மாள் முருகேஷைத் தெருவில் கண்டாலே விளக்குமாற்றைத் தேடுவாள். "இந்த ஜென்மத்துல என் வூட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது" என்று ஊரே கேட்கச் சொன்னவள் அவள்.

போன வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துண்டைக் கோர்த்த மஞ்சள் கயிறு. வயது வந்த ஆண்கள் எல்லோரும் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டியவர்கள் கறி தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. திருவிழா முடிந்ததும் எல்லோரும் கோயில் முன்னால் நின்று ஒன்றாக அவிழ்க்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் தடுப்பூசி வேலையாகப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தெருவில் ஒருவன்கூடத் தள்ளாடவில்லை. முருகேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தொண்டை வறளக் கத்தியும் என்னால் ஆகாததை ஒரு கயிறு செய்துவிட்டது. என் பெயர் சகாயமேரி. எனக்கு மாதாவும் அந்தோணியாரும் போதும். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கோயிலைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது, கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது. மாதையன் கையிலும் கயிறு இருந்ததா என்று பார்க்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் கோயில் பக்கம் பம்பைச் சத்தம் காதைக் கிழித்தது. கூட்டத்தின் நடுவில் மாதையன். கையும் காலும் வெடவெடவென்று ஆடின. உடம்பெல்லாம் வேர்வை. கண் எங்கேயோ நிலைகுத்தி இருந்தது. "ஆத்தா எறங்கிட்டா!" என்று பெண்கள் குலவையிட்டார்கள். ஒருவர் கற்பூரத் தட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "தாயே, இந்த வருசம் மழ உண்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாதையன் தன் கை மேல் எதையோ பொறுக்கிப் பொறுக்கி எறிந்தான்.

"எறும்பு... ஒடம்பெல்லாம் எறும்பு..."

அவன் கை மேல் ஒரு எறும்பும் இல்லை.

"பம்பைய நிறுத்துங்க!" நான் கத்திய கத்தலில் பம்பைக்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். "சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தெனமும் குடிச்ச ஒடம்பு. மருந்து மாத்திர இல்லாம ஒரேயடியா நிறுத்தினா இப்படித்தான் ஆகும். ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா உயிர் போயிரும்!"

முருகேஷ் பக்கத்தில் வந்தான். "சிஸ்டர், ஒரே ஒரு கட்டிங் ஊத்தினா அடங்கிருமுங்க."

"வாய மூடு!"

பூசாரி சின்னராஜ் முன்னால் வந்தார். அதிகம் பேசாத மனிதர். "காப்புக் கட்டினவன் எல்ல தாண்டி ராத்தங்கக் கூடாதுங்க. பாதியில அவுக்கவும் கூடாது. நாளைக்கு ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்றார். என் வாயில் வந்த வார்த்தைகளை மாதா மன்னிக்க வேண்டும்.

என்னை ஒதுக்கிவிட்டுத் தீர்த்தம்மாள் நடுவில் வந்து நின்றாள். புருஷனின் ஆடுகிற கையைப் பிடித்து, கயிற்றோடு உயர்த்திக் காட்டினாள்.

"அவுக்க வேணாமுங்க. ஆத்தா இவரு கையிலதான இருக்கா? எல்ல தாண்டினா அவளும் கூட வரட்டும். பதில நான் சொல்லிக்கறேன்."

பூசாரி அவளையே பார்த்தார். பிறகு திருநீற்றை அள்ளி மாதையன் நெற்றியில் பூசிவிட்டு வழிவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

போகிற வழியிலேயே மாதையனுக்கு வலிப்பு வந்தது. அரூரில் முதல் உதவி செய்து தர்மபுரிக்கு அனுப்பினார்கள். சில நாள் பிழைப்பானா என்பதே தெரியவில்லை. சலைன் ஏற்றுவதற்காக அங்கே இருந்த நர்ஸ் கயிற்றை வெட்டப் போனபோது, நினைவே இல்லாத அந்த மனிதன் கையை இழுத்து நெஞ்சுக்குள் ஒளித்துக்கொண்டானாம். கடைசியில் மறு கையில் ஏற்றியிருக்கிறார்கள். தீர்த்தம்மாள் இதைப் போனில் சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

உடம்பு தேறி, மனநலப் பிரிவில் மருந்தும் ஆலோசனையும் வாங்கிக்கொண்டு மாதையன் திரும்பியபோது திருவிழா முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். நான் வேறு ஊர்களில் முகாமில் இருந்ததால் நாவல்மரத்தூர்ப் பக்கமே போகவில்லை. அன்றைக்கு அரூர் பஸ் ஸ்டாண்டில் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். டாக்டர்கள் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஊரில் போய் இறங்கியதும் முருகேஷ் கூப்பிடுவானே, அந்த முதல் சாயங்காலத்தை இவன் எப்படித் தாண்டுவான்? எனக்கு இருந்த பயம் அதுதான்.

பஸ்ஸில் மாதையன் தலை குனிந்தே வந்தான். "எல்லாரும் காப்பு அவுத்திருப்பாங்க. நான் மட்டும் இந்தக் கயித்தோட போயி எங்கங்க சிஸ்டர் நிக்கறது?" என்றான். தீர்த்தம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊரில் இறங்கினோம். வெயில் தணிந்திருந்தது. கோயில் பந்தல் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. மாவிலைத் தோரணம் காய்ந்து சருகாகித் தொங்கியது. பந்தலின் கீழ் ஊர் ஆண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கயிறு. அழுக்கேறி, மஞ்சள் வெளுத்து, நூல் பிரிந்து, ஆனால் கயிறு.



பூசாரிதான் பேசினார். "ஒண்ணாக் கட்டினது, ஒண்ணாத்தான் அவுக்கணும். ஒருத்தன் அங்க ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப நாங்க எப்படி அவுக்கறது? சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு போன்ல சொல்ல வேணாம்னுட்டேன்."

"கறி தின்னு எத்தன நாளு ஆச்சு தெரியுமாடா?" என்றான் முருகேஷ். குரல் உடைந்தது. கண் தெளிவாக இருந்தது. அவன் கண்ணை அவ்வளவு தெளிவாக நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

இத்தனை வருடம் நான் ஒவ்வொருவனையும் தனித்தனியாகப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தேன். இவர்கள் ஒருவனுக்காக ஊராகச் சேர்ந்து நின்றுவிட்டார்கள். மாதா கோயிலில் மட்டும் எனக்கு வருகிற ஒரு நடுக்கம் அந்தப் பந்தலடியில் வந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

பம்பை முழங்கியது. பூசாரி மாதையன் கையைப் பிடித்தார். மாதையன் கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாமுங்க சாமி. இத அவுத்தா எனக்குப் பயமா இருக்குது. இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டுங்க."

பம்பை நின்றது. ஊர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இவன் அவிழ்க்காவிட்டால் யாரும் அவிழ்க்க முடியாது.

"அப்ப கறி?" என்று பின்னாலிருந்து ஒரு பரிதாபமான குரல் வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பூசாரி கொஞ்ச நேரம் அம்மனைப் பார்த்தபடி நின்றார். "கறி தின்னுக்கங்க, வெளியூர் போயிட்டு வாங்க. ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். குடி மட்டும் ஆகாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த வருசம் தெனமும் குடிக்கறவன் சிஸ்டரப் பாத்து மருந்து வாங்கிட்டு வந்தாத்தான் காப்பு" என்றார்.

முருகேஷ் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். முனகினான். ஆனால் கயிற்றின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

தீர்த்தம்மாள் அவன் எதிரில் போய் நின்றாள். அவன் பழக்க தோஷத்தில் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"வூட்டுக்கு வாங்கண்ணா" என்றாள் அவள். "சாப்டுட்டுப் போலாம்."