இரண்டாவது போல்ட்

அவள் மத்தியானம் கிளம்புவதாக இருந்தது. பெட்டிகள் பின் சீட்டில் ஏறிவிட்டன. கார் அவளுடையது, அவள் சம்பளத்தில் வாங்கியது. சைலன்சர்தான் ஓட்டை. "உங்க வண்டி கிளம்பினா என் மிஷின் தானாத் தைக்குது" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் போன வாரம்கூடச் சொன்னார். அவள் அம்மா வீட்டுக்கு ஆறு மணி நேர ஓட்டம். புகை உள்ளே வந்தால் தலை சுற்றும். மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்று நானே சொன்னேன். வேறென்ன சொல்வது?

ஆறு வருஷம் எனக்கு இரவு வேலை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் மாட்டுவாள். வேலையை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு பேருமே நம்பினோம். விட்டேன். எட்டு மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். சரியாக்க ஒன்றும் மிச்சமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சண்டைகூட வரவில்லை. வந்திருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, மல்லாந்து அடியில் போனேன். சைலன்சரை முன்குழாயோடு பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். இரண்டிலும் துரு. எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். முதலாவது வெட்கமே இல்லாமல் கால் மணி நேரத்தில் கழன்றது. இரண்டாவது கழலவில்லை. அது கழலாதவரை அவள் போக முடியாது. இரண்டு மணி நேரம் ஆனது. இன்றைக்கு ஆகாது, நாளைக்குப் பார்க்கலாம் என்று அடியிலிருந்தே குரல் கொடுத்தேன்.

கூந்தலை முடிந்துகொண்டு அவளும் உள்ளே வந்து படுத்தாள். லேத் பட்டறைக்காரர் மகள். தோளோடு தோள் இடித்தது. இவ்வளவு பக்கத்தில் படுத்து எத்தனை நாளாயிற்று என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறுக்கிட்டு இருக்கீங்க."

நான் ஸ்பேனரைப் போல்ட்டிலிருந்து எடுக்கவில்லை.

"கீழ படுத்தா திசை குழம்பும். எங்கப்பா பட்டறைக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்புதான்."

நான் தப்பிக்க வழிவிட்டாள். அப்படியே தலையாட்டியிருக்கலாம்.

"தெரிஞ்சுதான் இறுக்கினேன்."

குழாயிலிருந்து துருத்தூள் அவள் நெற்றியில் உதிர்ந்தது. அவள் துடைக்கவில்லை.

"இந்தப் பாட்டைப் போன வருஷம் பட்டிருக்கலாமே," என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு பேசியிருப்பேன்.

போல்ட்டின் தலை மழுங்கிப் போயிருந்தது. இரும்பறுக்கும் ரம்பத்தை என் கையிலிருந்து வாங்கி அவளே அறுத்தாள். புதிய சைலன்சரை அவள் தாங்கிப் பிடிக்க, நான் முடுக்கினேன். அதை ஒழுங்காகவே செய்தேன். கசியும் புகைக்கு எங்கள் கதை தெரியாது.

வண்டியை இறக்கியதும் என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். இணைப்பைச் சுற்றி உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தாள். எங்கும் கசிவில்லை. எழுந்து வந்து கார்க் கதவருகே நின்றாள். இறங்குங்கள் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு என்ஜினை அணைக்காமலே இறங்கினேன். அவள் ஏறி, நான் பின்னுக்குத் தள்ளியிருந்த சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள்.