லைன் நிற்கக் கூடாது

பதினொரு வருஷம் ரோபோக்களிடம் வேலை வாங்கியவன் நான். கடைசியில் ஒரு ரோபோ என் கால்களிடம் வேலை வாங்க வந்தது. ஓசூர் சிப்காட்டில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனி ஒன்றில் வெல்டிங் லைன் செட்டர் நான். ஆறு ரோபோக்கள் என் பொறுப்பு. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது, ராயக்கோட்டை ரோட்டில் மாங்காய் லோடு டெம்போ ஒன்று என் பைக்கைத் தட்டிவிட்டுப் போனது. முதுகெலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கியது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே கால்கள் இருந்தன, அவ்வளவுதான்.

“முழுசா அறுந்து போகல கரீம். கொஞ்சம் நரம்பு மிச்சம் இருக்கு” என்று டாக்டர் ராஜேஷ்குமார் சொன்னார். அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் நானும் என் மனைவி தில்ஷாத்தும் ஏழு மாதம் ஓட்டினோம்.

கிருஷ்ணகிரி போகிற ரோட்டில் இருக்கிற மறுவாழ்வு மையத்தில் நடைப்பயிற்சிக்கு ஒரே ஒரு ரோபோ. நம்மைப் பட்டை போட்டு மேலே தொங்கவிட்டு, தொடையிலும் கெண்டைக்காலிலும் அதன் இரும்புக் கால்களைக் கட்டுவார்கள். கீழே டிரெட்மில் ஓடும். ரோபோ நம் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். அது எவ்வளவு உதவ வேண்டும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் திரையில் கூட்டலாம், குறைக்கலாம். நூறு என்றால் முழு வேலையும் அதனுடையது. அறுபது என்றால் மிச்சத்தை நாம் பார்க்க வேண்டும். நம் கால் அதனோடு ஒத்துப் போகாவிட்டால் ‘பீப்’ என்று கத்திவிட்டு நின்றுவிடும்.

ஆளுக்கு இருபத்துநாலு நாள். முடிந்ததும் டாக்டர் சோதித்துப் பார்ப்பார். காலில் ஏதாவது முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் இருபத்துநாலு நாள் தருவார். தெரியாவிட்டால் வரிசையில் காத்திருக்கிற அடுத்தவருக்கு இடம் போய்விடும்.

முதல் நாள் அரை மணி நேரத்தில் பதினேழு தடவை நின்றது. பிசியோ பிரவீனா காவேரிப்பட்டினத்துப் பெண். வயது இருபத்தாறு இருக்கும், கண்டிப்பு அறுபது வயது ஹெட்மாஸ்டர் கணக்கு. “நின்னா நிக்கட்டும்ணா. நீங்க பாட்டுக்கு முயற்சி பண்ணுங்க” என்றாள். சொல்லிவிட்டாள் சுலபமாக. அந்தச் சத்தம் என்னை என்ன பாடு படுத்தியது என்பது லைனில் நின்று வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். கம்பெனியில் லைன் நின்றால் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், மணி அலறும், சூப்பர்வைசர் ஓடி வருவார். ஷிப்ட் முடிவில் எத்தனை தடவை நின்றது என்று என் பெயருக்கு நேராகப் பலகையில் எழுதுவார்கள். அதனால் எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம். சென்சார் தகராறு பண்ணினால் அதன் கண்ணில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு ஓட்டுவோம். காரணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், லைன் நிற்கக் கூடாது.

எனக்கு முந்தின நேரம் ராமப்பனுடையது. ஜவளகிரியில் ராகி போடுகிறவர். புளி உலுக்க மரம் ஏறி விழுந்தவர். அவர் ஏறினால் மிஷின் நிமிஷத்துக்கு ஒருமுறை கத்தும். அவரோ பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். ‘இந்த மனுஷன் என் லைனில் இருந்தால் ஒரே வாரத்தில் கம்பெனியை மூடிவிடலாம்’ என்று மனசுக்குள் திட்டுவேன்.

நான்காம் நாள் என் புத்தி வேலை செய்தது. மையத்தில் ஆள் பற்றாக்குறை. என்னை ஏற்றி அறுபதில் ஓட விட்டதும், பிரவீனா திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போய் ராமப்பனுக்குக் கட்டிலில் பயிற்சி கொடுப்பாள். மிஷினின் திரை என் வலது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அறுபதை நூறாக்கினேன். கால்களைச் சும்மா தொங்கப் போட்டேன். மிஷின் வெண்ணெயில் கத்தி போவதுபோல ஓடியது. ஒரு பீப் இல்லை. அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டதும் மறுபடி அறுபது.

அன்றைக்கு எண்ணூறு அடி. மறுவாரம் ஆயிரத்து நூறு. தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் கொடுமை. நான் நடக்கிறேன் என்றே நினைத்தேன். தில்ஷாத் மையத்துக்கே கேசரி கொண்டுவந்து கொடுத்தாள். தினமும் ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது கிருஷ்ணகிரியில் இருக்கிற அவள் அக்காவுக்குப் போன் போட்டு, “இன்னிக்கு ஆயிரத்து இருநூறு அடிக்கா” என்பாள். பாகலூர் ரோட்டுக் கடையில் எனக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி, பெட்டியோடு பீரோவின் மேல் வைத்தாள். “எப்படியும் தேவைப்படும்ல?” என்றாள்.

இருபத்துநாலாம் நாள் டாக்டர் வந்தார். கட்டிலில் படுக்கவைத்து, முட்டியை நீட்டச் சொன்னார். கட்டை விரலை அசைக்கச் சொன்னார். நான் முக்கியதில் கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, கீழே ஒன்றும் அசையவில்லை. தில்ஷாத் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆயிரத்து இருநூறு அடி எங்கே போனது என்று அவளுக்குப் புரியவில்லை.

டாக்டருக்கும் புரியவில்லை. பிரவீனா எழுதிய கார்டையும் மிஷினில் பதிவானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“கார்டுல தினமும் அறுபதுன்னு இருக்கு. மிஷின்ல முக்காவாசி நேரம் நூறுன்னு இருக்கு. என்ன பிரவீனா இது?”

அவள் கார்டை வாங்கிப் பார்த்தாள். “நான் அறுபதுதான் வெச்சேன் சார்.”

“மிஷின் பொய் சொல்லுமா? நூறுல ஓட்டிட்டு அறுபதுன்னு எழுதினா இவர் காலுக்கு என்ன கிடைக்கும்?” என்றவர் என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. “தப்பு எங்க பக்கம் இருக்கு கரீம். உங்களுக்குத் திரும்ப இருபத்துநாலு நாள் குடுத்திடறேன். இந்தம்மா மேல என்ன பண்றதுன்னு நான் பார்த்துக்கறேன்.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இருபத்துநாலு நாள் எனக்கு. பொய் சொல்லக்கூட வேண்டாம். ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன், ஒளிக்கவில்லை. பிரவீனா கார்டின் ஓரத்தை விரலால் மடக்கி மடக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைச் சந்தேகப்பட்டு ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தான் சார் ஏத்தினேன். அவங்க அந்தப் பக்கம் போனதும் ஏத்துவேன், வர்றதுக்குள்ள இறக்கிடுவேன். மிஷின் நின்னுட்டே இருந்துச்சு. எனக்கு அது ஆகல.”

தில்ஷாத் சுவரோரம் இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“இருபது நாள் உங்க காலைத் தூங்க வெச்சிருக்கீங்க” என்றார் டாக்டர். “வெளியில எத்தனை பேரு காத்துட்டு இருக்காங்க தெரியுமா? முன்னேற்றம் இல்லாம நான் எப்படிங்க நீட்டிக் குடுக்கறது?” அவளிடமிருந்து கார்டை வாங்கி மூடினார்.

“சார்” என்றாள் பிரவீனா. என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள், கோபம் குரலில் கொதித்தது. “முதல் மூணு நாள் கார்டைப் பாருங்க. பதினேழு, பதினஞ்சு, பத்தொன்பது தடவை நின்னிருக்கு. பெரும்பாலும் இடது கால்ல, ஒரே இடத்துல. அது தானா வர்ற இழுப்பா, இல்ல இவரே தள்றாரான்னு பார்க்கணும்னு அன்னிக்கே எழுதியிருக்கேன். நாலாம் நாள்ல இருந்து நிக்கவே இல்ல. ஏன்னு இப்பத்தானே தெரியுது.”

டாக்டர் கார்டைத் திறந்து, நின்றுகொண்டே படித்தார். “ஏத்துங்க இவரை” என்றார்.

பட்டையை மாட்டினார்கள். கால்களைக் கட்டினார்கள். திரையை மட்டும் பிரவீனா என் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

“மிஷின் நூறுல ஓடும். நான் சொல்ற வரைக்கும் சும்மா இருங்க” என்றார் டாக்டர். “நான் ‘இப்ப’ன்னு சொன்னா இடது காலை முன்னாடி உதைச்சுத் தள்ளணும். வெறும் இழுப்புன்னா அது நம்ம சொல்லைக் கேக்காது. நீங்களே தள்ளினா மிஷின் நிக்கும். நிறுத்திக் காட்டுங்க.”

நிறுத்திக் காட்ட வேண்டுமாம், நான். மிஷின் ஓட ஆரம்பித்தது. “இப்ப” என்றார். ஒன்றும் இல்லை. மறுபடியும் “இப்ப.” ஒன்றும் இல்லை. ஓடுகிற லைனை நிறுத்தாதே என்று பதினொரு வருஷம் உடம்புக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது அந்த உடம்பிடம் என்னவென்று கெஞ்சுவது? வேர்த்துக் கொட்டியது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ராமப்பன் வந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஆனால் தன் காலில் வந்தார். நிமிஷத்துக்கு ஒருமுறை லைனை நிறுத்திய அதே மனுஷன். “ஒதை சாமி! கதவ ஒதைக்கற மாதிரி ஒதை! நின்னா நின்னுட்டுப் போவுது!” என்று கத்தினார்.

“இப்ப” என்றார் டாக்டர்.

பீப்.

“ஒரு தடவைய வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது” என்று திரும்ப ஓடவிட்டார். இரண்டு நிமிஷம் வாயே திறக்கவில்லை. மிஷினும் நிற்கவில்லை. பிறகு திடீரென்று “இப்ப” என்றார்.

பீப்.

அடுத்ததில் வரவில்லை. அதற்கடுத்த இரண்டிலும் வந்தது. டாக்டர் பேனாவை எடுத்துக் கார்டில் இருபத்துநாலு என்று எழுதி, பிரவீனாவிடம் “ஸாரிம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவளிடம் நானும் மன்னிப்புக் கேட்டேன். “நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க. அந்தக் கையைக் கட்டிட்டுத்தான் ஏத்துவேன்” என்றாள். சிரிக்கவில்லை, ஆனால் பட்டையை மெதுவாகத்தான் கழற்றினாள்.

ஆட்டோவில் தில்ஷாத் என்னோடு பேசவில்லை. ஷூ பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எங்கள் மூக்கண்டப்பள்ளி நெருங்கும்போது அவள் போன் அடித்தது. அக்காதான். இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பாள்.

தில்ஷாத் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்:

“அடி கணக்கெல்லாம் விடுக்கா. இன்னிக்கு இவரு நாலு தடவை அந்த மிஷினை நிறுத்திட்டாரு!”