புகை போன திசை

வெண்டல் கங்காஸ் தன் வீட்டுக்குப் பின்னால், வீட்டைச் சூடாக்க விறகு பாய்லர் கட்டப்போவதாகச் சொன்னபோது எங்கள் சாலையில் யாரும் வியந்து போகவில்லை. மரம் ஏற்றும் லாரிகளுக்கு இருபது வருடமாக வெல்டிங் பண்ணுகிறவன் அவன். மிச்சிகனின் இந்த வடக்கு மூலையில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில் ஏதாவதொரு இரும்புப் பூதம் கொல்லையில் நின்று விறகு தின்றுகொண்டுதான் இருக்கிறது. அவன் அதை யாருக்காகக் கட்டுகிறான் என்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினோம். எல்லாருமே தப்பாகப் பேசினோம்.

அதற்கு முந்தைய பிப்ரவரியில் அவன் வீட்டைச் சூடாக்கும் கேஸ் தீர்ந்துவிட்டது. பனிப்புயலில் கேஸ் லாரி வர நான்கு நாளாயிற்று. அதற்குள் சமையலறைக்கு மேலே தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துக் கூரைப் பலகை இடிந்து விழுந்தது. அவன் மனைவி மார்லிஸ் ஈரத்தையெல்லாம் துடைத்து முடித்து, ஒரு பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டு கிரீன் பேயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. குளிர் தாங்காமல் போய்விட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வெண்டலும் அப்படித்தான் நினைத்தான்.

பனி உருகியதும் அவன் வேலையை ஆரம்பித்தான். மூடிக்கிடந்த பால் பண்ணையிலிருந்து பெரிய எண்ணெய்த் தொட்டி ஒன்றை இழுத்து வந்தான். அதற்குள்ளே விறகு எரிவதற்கு, கனமான இரும்புக் குழாயில் ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு அறை. அறைக்கும் தொட்டிக்கும் நடுவில் ஆயிரத்தைந்நூறு லிட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீர் சுட்டதும் ஒரு பம்பு அதை மண்ணுக்கடியில் நான்கடி ஆழத்தில் வீட்டுக்குள் அனுப்பும். சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் திரும்பி வரும். ஏன் இத்தனை பெரியது என்று ஒரு நாள் கேட்டேன். பெரியதாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்றான்.

பக்கத்து வீட்டு வெர்னா லிண்ட் மட்டும் வேலிவரைக்கும் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். காகித ஆலையின் பாய்லர் அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். ஓய்வு பெற்றபோது நுரையீரலில் பாதிதான் மிச்சம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஆவி போறதுக்கு மேல தொறந்து வெச்சிருக்கியா?"

"நான் என்ன முட்டாளா, வெர்னா?"

"முட்டாளுங்ககிட்ட நான் கேக்கறதே இல்ல. அவங்க எப்படியும் மூடித்தான் வெப்பாங்க."

ஆவி அடைபட்டுத் தொட்டி வெடிக்காமலிருக்க மேலே ஒரு குழாய் திறந்தே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் திரும்பிப் போனாள்.

செப்டம்பரில் முதல் முறை தண்ணீர் நிரப்பியபோது வெல்டிங் பண்ணின இரண்டு இடங்களில் கசிந்தது. மொத்தத் தண்ணீரையும் இறக்கிவிட்டு மறுபடி வெல்டிங் பண்ணினான். அக்டோபர் முதல் வாரம் நெருப்பு மூட்டினான். அந்த வாரமே மார்லிஸ் திரும்பி வந்தாள். தபால் நிலையத்தில் பார்த்தபோது, வீட்டுக்குள் ஸ்வெட்டர்கூட வேண்டியதில்லை என்று சிரித்தாள். பாய்லர் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று ஆண்கள் கேலி பேசினார்கள். வெண்டலுக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

நான் எங்கள் ஊர் ஆம்புலன்ஸை ஓட்டுகிறவன். சம்பளமில்லாத வேலை. ஜனவரி நடுவில் ஒரு காலை, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து மூன்று டிகிரி இருக்கும், வெர்னா வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. முன்னறையில் அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உட்கார்ந்தால் மூச்சு வரவில்லை. ஜன்னல் ஓரங்களிலெல்லாம் ஈரத் துண்டுகள் திணித்திருந்தாள். வெள்ளைத் துண்டுகள் பழுப்பாகிக் கிடந்தன. திரைச்சீலையில், தலையணையில், அவள் தலைமுடியில் அரைகுறையாய் எரிந்த விறகின் வாடை. வெளியே வந்து பார்த்தேன். வெண்டலின் புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை மேலே ஏறாமல் வழிந்து இறங்கி, பனியை ஒட்டியபடி நேரே அவள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் காற்று ஏரியிலிருந்து அடிக்கும். ஏரிக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் அந்தப் பாய்லர்.

வண்டியில் ஆக்சிஜன் ஏறிக் கொஞ்சம் பேச்சு வந்ததும் அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அவன்கிட்ட சொல்லாத. அவ இப்பத்தான் வந்திருக்கா. அது அணைஞ்சா மறுபடி போயிடுவா."

சரி என்றேன். மூச்சுக்குத் திணறுகிறவளிடம் வேறென்ன சொல்ல முடியும்? ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நாற்பது மைல் திரும்பி வரும்போது வழி முழுக்க நான் சொன்ன அந்தச் 'சரி' என்னை அரித்தது. அவள் கேட்டதைக் காப்பாற்றினால் அடுத்த முறை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பேனா என்று தெரியவில்லை. நேராக வெண்டல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

அவன் பாய்லருக்குப் பீர்ச் கட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் புகை போகும் திசையையே பார்த்தான். தினமும் இரண்டு முறை அந்த இடத்தில் நின்றவன், அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. பிறகு பாய்லர் கதவை அகலத் திறந்து, எரியும் கட்டைகளைக் கொக்கியால் இழுத்து ஒவ்வொன்றாகப் பனியில் போட்டான். சூடு தணிந்ததும் அடிவால்வைத் திறந்துவிட்டான். நெருப்பில்லாமல் விட்டால் தண்ணீர் உறைந்து தொட்டியைப் பிளந்துவிடும். ஆயிரத்தைந்நூறு லிட்டரும் முற்றத்தில் ஓடி, சாயங்காலத்துக்குள் பனிக்கட்டித் தரையானது. வீடு மறுபடி கேஸுக்குத் திரும்பியது.

ஐந்தாம் நாள் வெர்னாவை நான்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டேன். வண்டியை விட்டு இறங்கியதும் முற்றத்துப் பனிக்கட்டியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"உன்கிட்ட சொன்னதுக்கு என்னைச் சொல்லணும்," என்றாள்.

வெண்டலும் மார்லிஸும் அவள் வீட்டைத் துடைத்துத் துண்டுகளையெல்லாம் துவைத்து வைத்திருந்தார்கள். மேஜையில் இறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. வெண்டல் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு, இரும்பை வெட்டிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடப்போவதாகச் சொன்னான். வெர்னா கோபப்பட்டாள். ஆறு மாத வேலையை வெட்டிப் போடுவதா என்றாள்.

"அப்புறம் இவ கிரீன் பேக்குப் பெட்டியக் கட்டுவா. நான் இத்தன நாளு வாய மூடிக்கிட்டிருந்ததுக்கு என்ன அர்த்தம்?"

மார்லிஸ் அடுப்படியிலிருந்து திரும்பினாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் குளிருக்காகப் போனேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

வெண்டல் தொப்பியைத் திருகுவதை நிறுத்தினான்.

"கேஸ் தீரப்போகுதுன்னு இவனுக்குப் பத்து நாள் முன்னாடியே தெரியும். தினம் போயி கேஸ் டேங்க் முள்ளப் பாத்துட்டு வருவான். ராத்திரி சூட்டக் கொறச்சு வெப்பான். என்கிட்ட ஒரு வார்த்த இல்ல. குழா வெடிச்சு தண்ணி கொட்டறப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. அதுக்காகத்தான் போனேன்."

வெண்டல் தரையைப் பார்த்தான். "சரிபண்ணிட்டு சொல்லலாம்னு இருந்தேன்," என்றான் மெதுவாக.

"எப்பவும் அப்படித்தான் இருப்பே. செப்டம்பர்ல போன் பண்ணே பாரு. ரெண்டு எடத்துல ஒழுகுது மார்லிஸ், எனக்கு சரியா வரல, பயமா இருக்குன்னு சொன்னே. கல்யாணமாகி இத்தன வருஷத்துல ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு நீயா சொன்னது அதுதான் மொத தடவ. அதுக்காகத்தான் வந்தேன். உன் பாய்லரு சுட்டா என்ன, சுடாட்டி என்ன?" அப்புறம் வெர்னாவின் பக்கம் திரும்பினாள். "இப்ப நீங்க அதையே பண்ணியிருக்கீங்க. எனக்காகவாம்."

நான் கிளம்பியிருக்க வேண்டும். கதவோரமே நின்றேன். வெர்னா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவள் பேசியது பாய்லரைப் பற்றித்தான்.

"அது எரியல, வெண்டல். அவியுது. உன் வீட்டுக்கு அது ரொம்பப் பெருசு. கொஞ்ச நேரத்துல தண்ணி சுட்டுடும், நெருப்புக்குப் போற காத்து தானா நின்னுடும், உள்ள இருக்கற கட்ட மணிக்கணக்கா புழுங்கும். அந்தப் புகைதான் எனக்கு வந்துச்சு. கட்டையும் பச்சக் கட்ட. ஆகஸ்டுல வெட்டினதுதானே?"

"ஜூலை கடைசி."

"ரெண்டும் ஒண்ணுதான். பொகக்கொழா என் கூர உயரத்துக்குக்கூட இல்ல. நாள் பூரா நல்லா எரியற அளவுக்கு அதுக்கு வேல இருக்கணும்."

"அந்த வேலைக்கு எங்க போறது?" என்றான் வெண்டல்.

மார்லிஸ் வெர்னா வீட்டுச் சுவரோரம் நின்ற, அறையைச் சூடாக்கும் பழைய இரும்பு ரேடியேட்டர் மேல் கையை வைத்தாள். எண்ணெய் எரித்துச் சுடவைத்த தண்ணீர் ஓடும் அது வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. அவள் என்ன நினைக்கிறாள் என்று வெர்னாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அடுத்த வீட்டு நெருப்புல நான் குளிர் காய மாட்டேன்."

"பொகைய மட்டும் மூணு மாசமா எடுத்துக்கிட்டீங்க," என்றாள் மார்லிஸ். "சூட்டையும் எடுத்துக்குங்க."

சம்மதிக்க வெர்னாவுக்கு இரண்டு நாள் பிடித்தது. தரை இரும்பாக உறைந்திருந்ததால் பள்ளம் தோண்ட முடியவில்லை. சூடு ஆறாமலிருக்க ஃபோம் சுற்றிய குழாய்களைப் பாய்லரிலிருந்து வெர்னா வீடுவரை பனிமேலேயே நூற்றுப் பத்தடிக்கு ஓடவிட்டு, இரண்டு பக்கமும் மேலேயும் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதன்மேல் பனியை வாரிப் போட்டு மூடினோம். புகைபோக்கியைப் பத்தடி உயர்த்தினான் வெண்டல். என் கொட்டகையில் இரண்டு வருடம் காய்ந்த மேப்பிள் விறகு இருந்தது. இரண்டு வண்டி கொண்டுபோய் இறக்கினேன். வெர்னா முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வால்வு எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுபடி நெருப்பு மூட்டியதும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். முதல் அரைமணி நேரம் வெள்ளையாக வந்தது. அப்புறம் மெலிந்து, புகைபோக்கிக்கு மேலே காற்று நடுங்குவது மட்டும்தான் தெரிந்தது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெயில் அடித்துக் குளிர் குறையும் நாட்களில் பாய்லர் பழையபடி புழுங்கும். அப்போது வெர்னாவிடமிருந்து போன் வரும். "வருது," என்பாள், வைத்துவிடுவாள். வெண்டல் போய் அணைப்பான். மார்ச்சில் ஒரு முறை அவளை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போன நுரையீரல் போனதுதான். இந்தத் தடவை மார்லிஸ் பின்னால் அவளோடு உட்கார்ந்து வந்தாள்.

ஜூனில் வைக்கோலை எடுத்துவிட்டு முறையாகப் பள்ளம் தோண்டினார்கள். நவம்பரில் நான் காப்பி குடிக்கப் போனபோது, வெர்னா வீட்டில் ஒரு ஜன்னல் விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. வெண்டல் அனுப்பும் தண்ணீர் ரொம்பச் சுடுகிறது, வீடு வெந்து போகிறது என்று அவள் புகார் சொன்னாள். ஐந்து டிகிரி குறைக்கச் சொல்லி அவனுக்குப் போன் பண்ணினாள். குறைத்தால் தன் சமையலறைக்குப் போதாது என்றான் அவன். இருவரும் கால்மணி நேரம் வாதாடினார்கள். நான் இரண்டாவது கோப்பையை நானே ஊற்றிக்கொண்டேன்.