தென்றலின் நிறம்

“இது என் பொண்ணு இல்லீங்க” என்றார் காசியம்மாள்.

அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வந்திருந்தார். மகள் தென்றல் காய்ச்சலில் போய்ப் பதினைந்து நாள். மறுநாள் காரியம். மாலை போட வீட்டில் ஒரு படம்கூட இல்லை. கல்லூரி விண்ணப்பத்துக்காக, செங்கம் ரோட்டிலிருக்கும் என் ஸ்டுடியோவில் எடுத்தது மட்டும் கம்ப்யூட்டரில் இருந்தது.

பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்தேன். திரையில் ஒழுங்காக இருந்த முகம் காகிதத்தில் ஊதா பூத்து வந்தது. அதைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். மறுபடி எடுத்தால் பச்சை. 2004-லேயே டிஜிட்டலுக்கு மாறியவன் என்று பீற்றிக்கொண்டவன் நான். செட்டிங்கைத் துழாவினேன். அச்சகத்துக்குப் போஸ்டர் அனுப்பிப் பழகிய கை, இந்தப் படத்தையும் அச்சகத்தின் நான்கு மை முறைக்கு மாற்றி வைத்திருந்தது. பளபளப்புக் காகிதத்தைப் போட்டுவிட்டு, சாதாக் காகிதத்துக்கான நிறக் கணக்கை, அதன் புரொஃபைலைக் கொடுத்திருந்தேன். போதாக்குறைக்கு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஆளுக்கொரு பக்கம் நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் சரிசெய்தேன். மூன்றாவது பிரிண்ட், திரையில் இருந்தபடியே வந்தது. அப்பாடா என்று நீட்டினேன்.

“இதுவும் அவ இல்லீங்க.”

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “ஸ்கிரீன்ல இருக்கறது அப்டியே வந்திருக்கும்மா. இன்னும் என்ன?”

“எங்க வீட்ல இவ்ளோ வெள்ளையா யாருங்க இருக்கா?”

திரையைத் திரும்பிப் பார்த்தேன். மெஷின் மேல் தப்பில்லை. யார் வந்து உட்கார்ந்தாலும், கேட்காமலே முகத்தை வெளுத்துவிடுவது என் பழக்கம். கடைக்கு நல்ல பேரே அதனால்தான். வெளுத்ததை அசலின் மேலேயே சேவ் செய்துவிடுவேன். இருந்த சிடி எல்லாவற்றையும் பைத்தியம் பிடித்தவன் மாதிரி போட்டுப் பார்த்தேன். அசல் எங்கேயும் இல்லை. அந்தப் பெண்ணின் நிறத்தை நானே அழித்திருந்தேன்.

காசியம்மாள் வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை மேஜைமேல் வைத்தார்.

“அவ என் நெறம்தாங்க. இதப் பாத்துப் போடுங்க.”

ஒவ்வொரு பிரிண்டையும் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய், அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சிவப்பு ஜாஸ்தி. மஞ்சள் கம்மி. உள்ளே ஓடி மாற்றினேன், வெளியே ஓடி வந்தேன். ஒன்பதாவது பிரிண்டில் கையும் முகமும் ஒன்றாயின.

அவர் அழவில்லை. கன்னத்தைத் தொடப் போய், மை ஈரம் என்று கையை இழுத்துக்கொண்டார்.

“அந்தப் போட்டோவ வாங்கினு வந்த அன்னிக்கு, கண்ணாடி எதிர்லயே நின்னுனு இருந்தா. ‘நான் அவ்ளோ கருப்பாம்மா?’னு கேட்டா. நான் ஒண்ணும் சொல்லலீங்க.”

பதில் சொல்ல வேண்டியவன் நான். ஃப்ரேமுக்கு அடிக்க எடுத்த ஆணியைக் கீழே வைத்தேன்.