நாலாவது பத்து

"சேர்ந்து ஜெபிக்கும் குடும்பம் சேர்ந்தே வாழும்" என்று அச்சடித்த மாதா படம் ஒன்று மன்னார்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று எத்தனையோ முறை ஸ்டூலை இழுத்துப் போட்டிருக்கிறேன். ஏறினால் முட்டி வலிக்கிறது. மாதா தப்பித்தாள்.

என் வீட்டுக்காரர் சந்தியாகு பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "புள்ளைங்களுக்கு நெலம் நீச்சுன்னு எதையும் வாங்கி வைக்கல மேரி. இந்த ஏழு மணி ஜெபமாலையத்தான் சேத்து வைக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் இது ஞாபகம் இருக்கும்" என்பார். ஜெபமாலைக்கு ஐந்து பத்து; ஒவ்வொரு பத்துக்கும் பத்து முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்ல வேண்டும். முதல் பத்து அவர் சொல்லுவார், இரண்டாவது நான், மூன்றாவது மகள் ரெஜினா, நாலாவது மகன் ஜெரோம். ஐந்தாவது எல்லோருக்கும் பொது. ஒருவர் பத்தை இன்னொருவர் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

ஜெரோம் துவாக்குடியில் கம்பெனி வேலைக்குப் போன பிறகும் சட்டம் மாறவில்லை. மூன்று பத்தை முடித்துவிட்டு, குழம்பு ஆற ஆற, அவன் பஸ்ஸுக்காகக் காத்திருப்போம். பசியோடு வருகிறவன் ஷூவைக் கழற்றும்போதே "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்துவிடுவான். வார்த்தைகளை விழுங்கி விழுங்கிச் சொல்லி ஒன்பதிலேயே நிறுத்துவான். "டேய், இன்னும் ஒண்ணு பாக்கி" என்பார் இவர். ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். தினமும் இதே கூத்துதான், எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டு சிநேகிதன் பைக்கில் ஏறினான். நெடுஞ்சாலையில் லாரி மோதி அங்கேயே போய்விட்டான். அன்றும் நாங்கள் மூன்று பத்தை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

அடக்கம் முடிந்த பிறகு நாலாவது பத்து வரும்போது மௌனமாக இருக்கச் சொன்னார். "அவன் பத்தை அவன் அங்கேருந்து சொல்லிக்குவான்" என்றார். அந்த விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் நானும் எழுந்து நடமாடினேன். ரெஜினாவைக் கட்டிக்கொடுத்து பெங்களூருக்கு அனுப்பினோம்; மூன்றாவது பத்தை அங்கிருந்தே தினமும் போனில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு இந்த மறதி வந்தது. இனி ஒவ்வொன்றாகப் போகும் என்று புத்தூர் டாக்டர் சொன்னார். சாவி, கண்ணாடி எல்லாம் மறக்கும் முன்னாலேயே மகன் செத்தது மறந்துபோனது. ஒரு சாயங்காலம் மூன்றாவது பத்து முடிந்ததும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"துவாக்குடி பஸ்ஸு இன்னும் வரலியா மேரி?"

உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "அவன் செத்துப் போயிட்டாங்க."

அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் மூன்றாவது பத்து முடிந்ததும் மறுபடி வாசலைப் பார்த்தார். பெற்ற பிள்ளையைத் தினமும் ஒரு தடவை சாகடிக்க என்னால் ஆகாது.

"பஸ்ஸு லேட்டுங்க. இன்னிக்கு நீங்களே சொல்லிடுங்க."

"அவன் பத்தை நான் எப்படிச் சொல்றது?"

அதோடு சரி. மணியைப் பிடித்த விரல் நகராது, சோற்றைத் தொட மாட்டார். ஜெபமாலையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். மனுஷர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு வந்து நாலாவதில் நின்றார். பக்கத்து வீட்டு ஜஹானாராவுக்குக் கூட எங்கள் ஜெபம் மனப்பாடம். "இன்னிக்கும் நாலாவதுலயே நிக்கிறாராக்கா?" என்று மதில் மேல் எட்டிக் கேட்பாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. படத்துக்கு முன்னால் நின்று கத்தினேன். "உம் மகன் மூணாம் நாளே எழுந்து வந்துட்டான். எம் மகன எழுப்பிக் குடுன்னு நான் கேக்கல. இந்த மனுசன் வாசலைப் பாக்கறத மட்டும் நிறுத்து, போதும்."

ரெஜினாதான் ஒரு வழி சொன்னாள். ஏதோ ஒரு கிறிஸ்துமஸுக்கு, குடில் கட்டி முடித்த அன்று, விளையாட்டாக எங்கள் ஜெபமாலையைப் போனில் பதிவு பண்ணியிருந்தாளாம். "தம்பி குரல்மா. அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்க" என்று அழுதுகொண்டே அனுப்பினாள். அன்று மூன்றாவது பத்து முடிந்ததும் போனை வாசல் பக்கம் வைத்து அமுக்கினேன். என் பிள்ளை பசியோடு ஜெபம் சொன்னான். இவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "மெதுவா சொல்லுடா" என்றார். ஒன்பது முடிந்ததும், போனுக்குள் இருந்த அவர் வாய் திறப்பதற்கு முன்பே இவர் முந்திக்கொண்டார். "டேய், இன்னும் ஒண்ணு பாக்கி!" அப்புறம் தட்டுச் சோற்றை வழித்துச் சாப்பிட்டார். நான் அடுக்களையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. மழைக்காலம் முழுக்க என் மகன் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான்.

நேற்று மூன்றாவது பத்து முடிந்தது. அவர் வாசலைப் பார்க்கவில்லை. மணியை மடியில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கை பழக்கத்தில் போனை அமுக்கினேன்.

ஜெரோம் சொன்னான். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒன்பது முடிந்தது. இவர் பேசவில்லை. போனுக்குள்ளிருந்து அவர் குரலே அதட்டியது, "டேய், இன்னும் ஒண்ணு பாக்கி." ரெஜினா சிரித்தாள். நானும் சிரித்தேன், அந்தக் காலத்து நான்.

இவரும் சிரித்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இது யாரு வீட்டுல?"

நாற்பது வருஷமாக மேரி என்று கூப்பிட்ட வாய். நம் வீடுதான் என்று சொல்லியிருப்பேன். ஆனால் பையன் எங்கே என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"தெரியலிங்க" என்றேன்.

"அந்த அப்பா நல்லா வளத்திருக்காரும்மா. சேந்து ஜெபம் பண்றாங்க பாருங்க" என்றார். "எங்க இருந்தாலும் எல்லாரும் நல்லா இருப்பாங்க."