பீ லுவான் ஆண்ட்டிக்கு ஒரு முகம்

தனிமை என்ற நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தவர் ரூபர்ட் தியோ. மருந்தின் பெயர் கலை. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம். பக்க விளைவு கிடையாது.

மூன்று நாள் பயிற்சியின் முதல் காலையில், கோப்பிக்கு முன்பே, சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்து ஆறு மூத்தோர் நிலையங்களின் ஊழியர்களிடம் அவர் இதை அறிவித்தார். சிரிக்கவில்லை. பிறகு, நிலையங்கள் அதுவரை கலை என்று நினைத்துச் செய்துவந்தவற்றை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். ஐஸ்கிரீம் குச்சி வீடு. காகிதத் தட்டு மீன். கடைசியாக, ஒரு முதியவர் ஒளிநகலின் மேல் மெல்லிய தாளை வைத்து ட்ரேஸ் எடுக்கும் புகைப்படம்.

"கோட்டு மேல கோடு," என்றார் ரூபர்ட். "ரயிலும்தான் தண்டவாளத்து மேலயே போகுது. அதை ஓவியர்னு சொல்றோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் படம் ஷிகின் என்கிற நோராஷிகின் நடத்தும் நிலையத்தில் எடுத்தது. அவளும் சிரித்துவிட்டு, நோட்டில் 'ரயில் கூடாது' என்று எழுதிக்கொண்டாள்.

மூன்று நாளில் ஊழியர்கள் பலவற்றைக் கற்றார்கள். மூத்தோரின் தாளில் கை வைக்கக் கூடாது. 'நல்லா இருக்கு' என்று சொல்லவே கூடாது. கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு பேராகப் பிரிந்து உட்கார்ந்து, "நான் ஒரு நீலத்தைப் பாக்கறேன்," "நான் ஒரு வளைவைப் பாக்கறேன்," என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகினார்கள். மூன்றாம் நாள் மாலை சான்றிதழ் கிடைத்தது.

ஷிகினின் நிலையம் ஒரு வாடகை வீட்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்தது. முதல் வகுப்புக்கு முகம் வரைதல் நல்லது என்று ரூபர்ட் சொல்லியிருந்ததால், மின்தூக்கிக்குப் பக்கத்தில் அவள் சீன மொழியில் ஓர் அறிவிப்பு ஒட்டினாள்: 'உங்கள் முகப்படத்தை நீங்களே வரையலாம். இலவசம்.'

பன்னிரண்டு நாற்காலிக்கு இருபத்து மூன்று பேர் வந்தார்கள். முன்னாள் டாக்சி ஓட்டுநர் ஹோ சியோங் அங்கிள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். எண்பத்தொரு வயது சிம் பீ லுவான் ஆண்ட்டி முடியைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். முதல் வரிசை நாற்காலிக்கு இருவருக்கும் கைகலப்பு வராத குறை. ரூபர்ட் இதைத் தம் அறிக்கையில் 'மூத்தோரிடையே கலைத் தாகம்' என்ற தலைப்பில் எழுதினார்.

அந்த புளோக்கில் எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு முகப்படம் என்றால் ஒன்றுதான். சவப்பெட்டிக்கு முன்னால் வைப்பது. இதை ரூபர்ட்டுக்கு யாரும் விளக்கவில்லை. இது தெரியாமலா ஒருவர் முகப்படம் சொல்லிக்கொடுக்க வருவார்?

இரண்டாம் வாரம் அவர் பார்வையிட வந்தபோது பீ லுவான் ஆண்ட்டியே விஷயத்தை உடைத்தாள்.

"வாத்தியாரே, மூக்கு மட்டும் சரியா வரணும். மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் பரவாயில்ல."

"மூக்கு முக்கியமில்ல ஆண்ட்டி. உங்களுக்குள்ள என்ன இருக்கோ அதை வரைங்க."

"உள்ள என்ன இருக்கு? வாயுதான் இருக்கு."

ஹோ சியோங் அங்கிள் சிரித்ததில் அவருடைய பல்செட் நகர்ந்தது.

"நான் ஒண்டிக்கட்ட," என்றாள் ஆண்ட்டி. "புருஷன் போயாச்சு. பிள்ள கெடையாது. மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிச்சப்போ வீட்டுல இருந்த போட்டோ அத்தனையும் நனைஞ்சு ஒட்டிப்போச்சு. நான் போனா முன்னால வைக்க ஒரு மூஞ்சி வேணுமில்ல? மூஞ்சி இல்லேன்னா ஊதுபத்தி யாருக்குன்னு எனக்கே எப்படித் தெரியும்? பக்கத்துப் பொணம் என் படையலை வாங்கித் தின்னுட்டுப் போயிடும்."

"சாவைப் பத்தியெல்லாம் இப்ப எதுக்கு ஆண்ட்டி?" என்று ரூபர்ட் கனிவாகச் சொன்னார். கனிவாகப் பேசுவதற்கும் பயிற்சி நூலில் ஒரு பாடம் இருந்தது.

ஷிகின் அவரை ஓரமாகக் கூப்பிட்டாள். "சார், பொறந்தநாள் படம் ஒண்ணு என் போன்ல இருக்கு. ஆண்ட்டி ஓரமா கொஞ்சம் மறைஞ்சு நிக்கிறாங்க. இப்பவே பெருசு பண்ணி ட்ரேஸ் எடுத்துக்கிட்டா, தெரியாத எடத்தை ஆண்ட்டியப் பாத்துப் போட்டுக்கலாம். ஒரு மணி நேர வேலை. அவங்களுக்கும் நிம்மதி."

"ஷிகின்," என்றார் ரூபர்ட். "ரயில்."

ஷிகின் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆகவே ஆண்ட்டி உள்ளே இருப்பதை வரைந்தாள். நான்கு வாரம் வரைந்தாள். ஒரு பெரிய நீல வட்டம், அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சுழி. ரூபர்ட்டுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வாராவாரம் வந்து, ஆண்ட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தாளையே உற்றுப் பார்த்து, "நான் ஒரு நீலத்தைப் பாக்கறேன்," என்றார்.

"நானும் அதைத்தான் பாக்கறேன்," என்றாள் ஆண்ட்டி. "மூஞ்சி எங்கே?"

ஆறாம் வாரம் அவள் வரவில்லை. வராமலிருப்பதும் மூத்தோரின் தேர்வு, அதை மதிக்க வேண்டும் என்று பயிற்சி நூலில் இருந்தது. ரூபர்ட் அதை ஷிகினுக்கு ஞாபகப்படுத்தினார். ஷிகின் மதித்தாள். வகுப்பு முடிந்து, தூரிகைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஐந்தாவது மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். பிறகு போலீசைக் கூப்பிட்டாள்.

இறந்து இரண்டு நாள் ஆகியிருக்கும் என்றார்கள். ஒரு கால் கட்டிலில் இருந்ததாம். முகம் தரையைப் பார்த்து இருந்ததாம்.

உறவு என்று யாரும் வராததால், ஓர் அறநிறுவனம் சவப்பெட்டி கொடுத்து, புளோக்கின் கீழ்த்தளத்திலேயே ஒரு நாள் சடங்குக்கு ஏற்பாடு செய்தது. பதினொரு மணிக்குப் பிக்கு வருவார், பன்னிரண்டுக்கு வண்டி. ஒன்பதரைக்கு ரூபர்ட் வந்தபோது சவ அடக்கக்காரர் கையில் வெறும் சட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தது. பதினொரு பேர்.

ஷிகின் உள்ளே போய் முகப்படத்தை எடுத்துவந்து கொடுத்தாள். வேறு எதைக் கொடுப்பாள்?

சவ அடக்கக்காரர் அதை நிமிர்த்திப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். "இதுல எந்தப் பக்கம் மேல?"

ரூபர்ட் வாங்கிச் சரியாகத் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மூஞ்சி இருக்கற படம் இல்லையா? அடையாள அட்டை?"

"அது போலீஸ்கிட்ட இருக்கு," என்றாள் ஷிகின். "என் போன்ல ஒண்ணு இருக்கு. ஆனா பாதி மூஞ்சிய பலூன் மறைக்குது."

"பலூனையா கும்பிடச் சொல்றீங்க? ஒண்ணுமில்லேன்னா பேரை மட்டும் எழுதி வச்சிடறேன். அப்படியும் சில பேர் போறாங்க."

"பாவம்," என்றார் ஹோ சியோங் அங்கிள், யாரையும் பார்க்காமல். "முடியெல்லாம் சுருட்டிக்கிட்டு வந்தா."

ரூபர்ட் ஷிகினிடம் கை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள்.

நிலையத்துக்குள் போய்ப் படத்தை அச்செடுத்தார். ஒளிநகல் இயந்திரத்தில் வைத்துப் பெரிதாக்கினார். போதவில்லை, இன்னொரு முறை பெரிதாக்கினார். கேக்கும் மற்றவர்களும் தாளுக்கு வெளியே போய், பீ லுவான் ஆண்ட்டியின் பாதி முகமும் ஒரு பலூனும் மிஞ்சின. அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே மெல்லிய தாளை ஒட்டினார். வெளியே நல்ல வெயில். கோட்டின் மேல் கோடு இழுக்க ஆரம்பித்தார். நெற்றி, புருவம், கண், மூக்கு. மூக்கில் இருமுறை பென்சிலை நிறுத்தி, சீவிக்கொண்டு தொடர்ந்தார்.

பாதி வந்ததும் தாளை மூக்கின் நடுவே மடித்து, பின்புறம் நகத்தால் தேய்த்தார். விரித்தபோது மறுபாதியும் மங்கலாக வந்திருந்தது. அதன் மேல் மறுபடியும் கோடு.

ஹோ சியோங் அங்கிள் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி போட்டிருக்கீங்க, வாத்தியாரே. பலூன் பக்கத்துக் கண்ணு சின்னது. இமை பாதி விழுந்திருக்கும்."

"அப்படியா?"

"என்ன அப்படியாங்கறீங்க? நாலு வாரம் எதிர்லதானே உக்காந்திருந்தீங்க?"

ரூபர்ட் அழித்தார். "இவ்வளவா?"

"இன்னும் கொஞ்சம். ஆங். இப்ப அவ. மூக்கு அவளேதான்."

படம் பதினொன்றுக்குச் சில நிமிடம் முன்பு சட்டத்துக்குள் போனது. பிக்கு வந்தார். ஊதுபத்தி ஏற்றினார்கள். ஒவ்வொருவராக எழுந்துபோய் அந்த முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பன்னிரண்டுக்கு வண்டி புறப்பட்டது.

ரூபர்ட் நிலையத்துக்குள் வந்து, ஜன்னலில் ஒட்டியிருந்த நகலைக் கழற்றினார். திரும்பியபோது ஹோ சியோங் அங்கிள் மேசைமேல் தம் அடையாள அட்டையை வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேர். ஒருத்தி கல்யாணப் படத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்திருந்தாள்.

"அவசரமில்ல, வாத்தியாரே," என்றார் அங்கிள். "ஆனா ரொம்பவும் தள்ளிப் போட்டுடாதீங்க."

ரூபர்ட் அட்டையை எடுத்தார். ஒரு முறை அட்டையைப் பார்த்தார். பிறகு அங்கிளின் முகத்தை நிறைய நேரம் பார்த்தார்.

"ஷிகின், மெல்லிசு தாள் இன்னும் இருக்கா?"

"இருக்கு சார்."

ஒளிநகல் இயந்திரத்தின் மூடியைத் தூக்கி, அட்டையை முகம் கீழே இருக்கும்படி வைத்தார்.