அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது

1

இந்தக் கதை என் அக்காள் கணவரின் கடைவாய்ப் பல்லிலிருந்து வந்தது. கற்பனை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அனுமதி கேட்டபோது அத்தான், "எழுது. என் பேரைப் போடாதே, பல்லோட பேரை வேணா போட்டுக்க" என்றார். கீழ்த்தாடை, இடது பக்கம், கடைசிக்கு முந்தையது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அவர் வாயிலிருந்து ரத்தம் பெருகிக்கொண்டே—"

படித்துவிட்டு அக்கா, "எங்கடா பெருகிச்சு? ஒரு பஞ்சு முழுசா நனையலை. உனக்கு ரத்தம் வேணும்னா வேற ஆளைப் பிடி" என்றாள்.

இரண்டாவது தொடக்கம்: "அன்று காலை வானம்—" வானத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? அதையும் விட்டாயிற்று.

2

நேராகவே சொல்கிறேன். அத்தான் லிஃப்ட் மெக்கானிக், வயது ஐம்பத்தெட்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய இதயத்தில் உலோக வால்வு பொருத்தினார்கள். அதில் ரத்தம் கட்டிவிடக் கூடாது. அதனால் ரத்தம் சீக்கிரம் உறையாமலிருக்கத் தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா ஏழு அறை வைத்த டப்பாவில் அந்த வாரத்துக்கு எடுத்து வைப்பாள்.

பல் உடைந்து ஆட ஆரம்பித்தது. பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை பிடுங்கலாம் என்றார். "மாத்திரையை நிறுத்திடாதீங்க. வழக்கம்போலப் போட்டுட்டு வாங்க. ரத்தத்தை நிறுத்துறது என் வேலை" என்றும் தெளிவாகச் சொன்னார்.

ஆனால் லிஃப்ட் மோட்டார் அறையில் ஒரு சகா இருந்தார். எல்லோரும் அவரைக் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். "அந்த மாத்திரையோட பல்லைப் புடுங்கினா குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டும் அண்ணே. எங்க சித்தப்பாவுக்கு..." என்று இழுத்துவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

[அந்தச் சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கிரீஸை நானே பிடித்துக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காரு" என்றார்.]

இருபது மாடி ஆழக் குழிக்குள் நின்று வேலை செய்கிற மனிதர், தன் வாய்க்குள் ரத்தம் நிற்காமல் போவதை நினைத்துப் பயந்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து டப்பாவைத் திறப்பார், மாத்திரையை எடுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போவார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நான்கு நாள், நான்கு மாத்திரை.

(இங்கே ஒரு நீளமான பத்தி இருந்தது. லிஃப்ட் கதவின் பாதுகாப்புச் சுவிட்சைக் கம்பி சொருகி ஏமாற்றி ஓட்டுகிறவர்களை அத்தான் எப்படி வாங்கு வாங்கென்று வாங்குவார், அதே மனிதர் தன் நெஞ்சுக்கு என்ன செய்தார் என்று. அழகான ஒப்புமை. அடித்துவிட்டேன். பயந்துபோன மனிதரிடம் கெட்டிக்காரத்தனம் காட்டுவது நன்றாயில்லை.)

3

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. அக்காவையும் அத்தானையும் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அத்தானின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்ன மெஷினில் வைத்தார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதற்கு ஓர் எண் காட்டும். அவருக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். காட்டியது ஒன்று புள்ளி மூன்று.

"மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்லைங்க."

"நான்தான் எடுத்து வைக்கிறேன் டாக்டர். ஒரு நாள் தவறினதில்லை" என்றாள் அக்கா.

"அப்ப இந்த அளவு உங்களுக்குப் பத்தலை. இதய டாக்டர்கிட்டப் பேசறேன், கூட்டிக் குடுப்பார்" என்று டாக்டரம்மா போனை எடுத்தார்.

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சும்மா இருந்தால் மாத்திரை கூடும். கூட்டினதை ஒழுங்காகப் போட்டால், உடம்புக்குள்ளே எந்தப் பஞ்சும் எட்டாத இடத்தில் ரத்தம் கசியும். வாயைத் திறந்தால் பக்கத்தில் அக்கா. ஒரு வரைவில் அவரை எழுந்து நிற்க வைத்துப் பன்னிரண்டு வரி பேச வைத்தேன். அத்தனையும் புளுகு. நாற்காலி பின்னால் சாய்ந்து, தலையைவிடக் கால் உயரத்தில் இருந்தது. அந்த நிலையில் யாராலும் கம்பீரமாக எழ முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு கையை மட்டும் தூக்கினார்.

"கூட்ட வேண்டாங்க. திங்கட்கிழமையிலேருந்து நான் போடலை."

உலோக வால்வு திறந்து மூடும் டிக் டிக் எனக்கே கேட்டது.

டாக்டரம்மா திட்டவில்லை. "நல்லவேளை, சொன்னீங்க. பல்லுல ரத்தம் வந்தா அழுத்தி நிறுத்திடுவேன். வால்வுல கட்டிச்சுன்னா அங்க என் கை போகாது" என்றார்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றாள்.

அன்று பல் பிடுங்கவில்லை. இதய டாக்டர் சொன்னபடி அன்றைக்கே மாத்திரை மறுபடி தொடங்கியது. அந்த எண் ஏறும்வரை ரத்தம் கட்டாமலிருக்க வயிற்றில் தினம் இரண்டு ஊசி. நர்ஸ் ஒரு தடவை காட்டிக் கொடுத்ததைப் பார்த்து அக்காவே போட்டாள். "வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்கலைடா" என்று அத்தான் என்னிடம் சொன்னார்.

4

பதினோரு நாள் கழித்து எண் இரண்டு புள்ளி ஏழு. பல் ஆறு நிமிஷத்தில் வந்துவிட்டது. குழியில் மருந்துப் பஞ்சு, இரண்டு தையல், மேலே மடித்த துணி. "அரை மணி நேரம் நல்லாக் கடிச்சுக்கங்க. வாயைத் திறக்கவே கூடாது" என்று வெளியே உட்கார வைத்தார்கள்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இப்பப் பேசறேன். நீங்க குறுக்க பேச முடியாது, அதான் நல்லது."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"மாத்திரை போடாதது பெரிசில்லை. பயம் யாருக்கும் வரும். நாலு நாள் 'போட்டாச்சா'ன்னு கேட்டேன். நாலு நாளும் 'ஆச்சு'ன்னீங்க."

"ம்..."

"ம்-மெல்லாம் வேண்டாம், கடிங்க. நான் பெருமையா, தவறினதில்லைன்னு டாக்டர்கிட்டச் சொல்றேன். அப்பவும் வாயைத் திறக்கலை. கூட்டிக் குடுப்பாங்கன்னதும்தான் பேச்சு வந்துச்சு. அதுவும் உங்க உயிருக்குப் பயந்து, எனக்காக இல்லை."

மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் குரல் இறங்கியது.

"ஆபரேஷன் அன்னிக்கு ஏழு மணி நேரம் வெளியில உக்காந்திருந்தேன். கை நடுக்கத்துல தண்ணி பாட்டிலைத் திறக்க முடியலை. அதை நானும் உங்ககிட்டச் சொன்னதில்லை. ஆனா நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பயமா இருக்குன்னு என்கிட்டச் சொல்ல என்ன தடை? சிரிப்பேன்னா?"

அத்தானின் கண் நிறைந்திருந்தது. (இதை நான் சேர்க்கவில்லை. நிறைந்துதான் இருந்தது.)

5

நர்ஸ் வந்து துணியை எடுத்துப் பார்த்தார். "நின்னுடுச்சு. இனி மெதுவாப் பேசலாம்."

வாய் கொப்பளிக்கும் மருந்துச் சீட்டை என் கையில் கொடுத்தார்கள். நான் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது அத்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார். அக்கா, "சரி, எந்திரிங்க" என்றாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அவர் என்ன சொல்லியிருப்பார்? "மன்னிச்சுக்க" என்று எழுதிப் பார்த்தேன். முப்பது வருஷத்தில் அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. "உனக்கு அன்னிக்கு அவ்வளவு பயமாவா இருந்துச்சு?" என்று எழுதினேன். அதைத்தான் அவர் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்பதாலேயே நம்ப முடியவில்லை, அடித்தேன். அக்காவைக் கேட்டதற்கு, "அது உன் கதைக்கு இல்லை" என்றாள். அத்தானைக் கேட்டதும் அவர் லிஃப்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். நீங்கள் நிரப்புவதானால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாதி உதடு மரத்திருக்கிறது, தையல் புதிது. நாலு வார்த்தைக்கு மேல் அவரால் முடியாது.